ச்சா-ச்சா-ச்சா: இடைவேளையில் வரும் கேள்விகள்

ச்சா-ச்சா-ச்சா என்ற ஜோடி ஆட்டம் கற்றுத்தரும் நடன வகுப்பில் நான் ஆசிரியர் இல்லை, பழைய மாணவன். புதிதாக வருகிறவர்களுக்கு முன்வரிசையில் நின்று எண்ணிக்கை சொல்லுவது என் வேலை. இடைவேளையில் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறப்பதற்குள் யாராவது ஒருவர் வந்துவிடுவார். "ஒரு சின்ன டவுட்டு..." நாலு வருடமாக அந்தச் சின்ன டவுட்டு மாறவே இல்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே போட்டிருக்கிறேன்.

இது ச்சா-ச்சாவா, ச்சா-ச்சா-ச்சாவா? எது கரெக்ட்?

மூன்று ச்சா. கியூபாவில் அப்படித்தான் சொல்கிறார்கள், கடைசி ச்சாவில் அழுத்தம் விழும். அமெரிக்காவுக்குப் போனபோது ஒன்று உதிர்ந்து இரண்டாகிவிட்டது. பால்ரூம் நடனப் போட்டிகளில் இரண்டு பெயரையும் கேட்கலாம்.

தமிழில் 'சா சா சா' என்று எழுதாதீர்கள், தயவுசெய்து. வகுப்பு வாசலில் ஒரு தடவை அப்படி எழுதி ஒட்டியிருந்தோம். யாரோ யாருக்கோ சாபம் விட்ட மாதிரி இருந்தது. ஒற்றைச் சேர்த்து 'ச்சா' என்று எழுதினால் தொல்லை இல்லை.

இது எந்த ஊர் ஆட்டம்? ஸ்பெயினா, பிரேசிலா?

இரண்டும் இல்லை. கியூபா, அதுவும் தலைநகர் ஹவானா, 1950களின் தொடக்கம். 'லத்தீன்' என்று பெயர் வைத்து எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிட்டதால் வரும் குழப்பம் இது. போட்டியில் ஆடப்படும் ஐந்து லத்தீன் ஆட்டங்களில் சாம்பா பிரேசில், ரும்பாவும் ச்சா-ச்சா-ச்சாவும் கியூபா, பாசோ தோப்ளே ஸ்பெயின் காளைச்சண்டையைப் பாவனை செய்வது, ஜைவ் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஸ்விங் வழி வந்தது.

யார் கண்டுபிடிச்சது? ஒரு ஆட்டத்தை ஒருத்தர் கண்டுபிடிக்க முடியுமா?

நல்ல கேள்வி. ஆட்டத்தை அல்ல, அதற்கான இசையை உருவாக்கியவர் என்று ஒருவரைச் சொல்லலாம். என்ரிக்கே ஹோரின், வயலின் கலைஞர், 1926இல் பிறந்தவர். அவருக்கு முன்னால் நடந்ததைக் கொஞ்சம் சொன்னால்தான் அவர் என்ன செய்தார் என்பது புரியும்.

கியூபாவில் தன்சோன் என்று ஒரு ஆட்டம் இருந்தது. நிதானமானது, ஜோடியாக ஆடுவது. 1879 ஜனவரி 1 அன்று மத்தான்சாஸ் நகரில் மிகேல் ஃபாயில்தே முதல் தன்சோனை வாசித்தார் என்பது பொதுவான கணக்கு. புல்லாங்குழல், வயலின்கள், பியானோ, பாஸ், தாள வாத்தியங்கள் கொண்ட 'ச்சராங்கா' குழுக்கள் இதை வாசித்துவந்தன. 1930களின் கடைசியில் அர்கான்யோ என்ற புல்லாங்குழல் கலைஞரின் குழு இந்தத் தன்சோனின் வாலில் ஒரு குலுக்கலான பகுதியைச் சேர்த்தது. மாம்போ அங்கேதான் முளைத்தது. ஹோரின் அந்தக் குழுவில் வயலின் வாசித்தவர்.

பிறகு அவர் ஒர்கெஸ்தா அமெரிக்கா என்ற குழுவுக்கு வந்தார். மேடையில் வயலினோடு நின்றபடி கீழே ஆடுகிறவர்களைக் கவனித்தார். மாம்போவில் இசை தாள அடிக்கு நடுவே எகிறிக் குதிக்கும். பாதிப்பேர் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார்கள். சரி, இவர்களுக்காக ராகத்தை அடியின் மேலேயே உட்காரவைத்து எழுதுவோம் என்று எழுதினார். குழுவினரையே ஒன்றாகச் சேர்ந்து பாடவும் வைத்தார். அப்படி வந்த 'லா எங்கான்யதோரா' பாட்டு 1953இல் இசைத்தட்டாக வெளியாகி ஊரையே ஆடவைத்தது. 'ஏமாற்றுக்காரி' என்று பொருள். ப்ராதோவும் நெப்துனோவும் சந்திக்கிற ஹவானா தெருமுனையில் எல்லா ஆண்களும் திரும்பிப் பார்க்கிற ஒரு பெண், கடைசியில் அவள் வளைவுகளெல்லாம் பஞ்சு வைத்தது என்று தெரிய வருவதுதான் கதை.

குழுவின் தலைவர் நினோன் மொந்தேஹார், இந்தப் பெருமையில் தனக்கும் உரிமை உண்டு என்று கடைசிவரை சண்டை போட்டார். பெரும்பாலோர் ஹோரின் பக்கம் நிற்கிறார்கள், நானும்தான்.

அப்போ அந்தப் பேர் எப்படி வந்தது? பாட்டில் வர்ற வார்த்தையா?

செருப்புச் சத்தம். ஹோரினின் இசைக்கு ஆடியவர்கள் தாங்களாகவே ஒரு காரியம் செய்தார்கள். இரண்டு எட்டு வைத்துவிட்டு, மூன்றாவது எட்டுக்குப் பதில் காலைத் தரையில் இழுத்து மூன்று சின்ன எட்டு வைத்தார்கள். நூறு பேர் ஒரே நேரத்தில் இழுத்தால் தரை 'ச்சா-ச்சா-ச்சா' என்று உரசும். அந்த ஓசையே பெயராகிவிட்டது.

எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். பாட்டுக்காரர் ஆடுகிறவர் காலைப் பார்த்து எழுதினார், ஆடுகிறவர் கால் அதற்குப் பெயர் வைத்தது. கீழே வரும் பல கேள்விகளுக்கு நான் 'காதை வையுங்கள்' என்றுதான் பதில் சொல்லப்போகிறேன், அதற்குக் காரணம் இதுவே.

பால்ரூம் என்றால் வெள்ளைக்காரர்கள் கோட்டு போட்டு ஆடுவதாச்சே. கியூபா ஆட்டம் அதற்குள்ளே எப்படிப் போனது?

லண்டனில் பியர் ஸூர்ச்சர்-மார்கோல் என்று ஒரு நடன ஆசிரியர். 'மான்சியர் பியர்' என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அவரும் அவருடைய ஜோடி டோரிஸ் லாவெலும் 1952இல் கியூபா போய் அங்கே மக்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்த்தார்கள். இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொண்டார் பியர். ஒன்று, நாலடித் தாளத்தில் நாலாவது அடி இரண்டாகப் பிளக்கிறது. இரண்டு, எட்டு தொடங்குவது முதலாவது அடியில் அல்ல, இரண்டாவதில். இந்தக் குறிப்போடு திரும்பி வந்து பாடமாக்கினார். இங்கிலாந்து ஆசிரியர் சங்கங்கள் அதை வரையறுத்தன, தேர்வு வைத்தன, உலகம் முழுக்க அதுவே பரவியது. நாம் வகுப்பில் ஆடுவதும் அந்த வழிதான்.

சரி, கதை போதும். பேசிக் ஸ்டெப் என்ன? ஒரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள்.

முன்னே போகிறவர், அதாவது லீட் செய்கிறவருக்குச் சொல்கிறேன். கால்களைச் சேர்த்து நில்லுங்கள். வலது காலைப் பக்கவாட்டில் வைத்து உடம்பின் பாரத்தை அதில் போடுங்கள். அது 'ஒன்', தயார் எட்டு மட்டும்தான். இனி ஆட்டம்.

'டூ': இடது காலை முன்னே வையுங்கள், பாரம் அதில் வரட்டும். 'த்ரீ': வலது கால் இருந்த இடத்திலேயே இருக்கிறது, பாரத்தை அதற்குத் திருப்புங்கள். 'ஃபோர்': இடது கால் இடப்பக்கம். 'அண்ட்': வலது கால் இடது காலை நோக்கி வந்து ஒட்டுகிறது. 'ஒன்': இடது கால் மறுபடி இடப்பக்கம். கடைசி மூன்றும்தான் ச்சா-ச்சா-ச்சா. வகுப்பில் அதை 'ஷாஸே' என்பார்கள். அப்புறம் மறுபாதி. 'டூ'வில் வலது கால் பின்னே, 'த்ரீ'யில் பாரம் இடது காலுக்கு, 'ஃபோர்-அண்ட்-ஒன்'னில் வலப்பக்கமாக வலது-இடது-வலது. தாளத்தின் நாலு அடி ஒரு சுற்று, ஆக இரண்டு சுற்றுக்குப் பத்து எட்டு.

எட்டுகள் சின்னதாக இருக்கட்டும். வீட்டில் ஒரு தரை ஓடு, இரண்டடிக்கு இரண்டடி என்று வையுங்கள். முழு ஷாஸேயும் அந்த ஒரு ஓட்டுக்குள் முடிந்துவிட வேண்டும். புதியவர்கள் எல்லோரும் பக்கத்து ஓட்டையும் சேர்த்து அளக்கிறார்கள்.

ஜோடியில் இருக்கிற பெண் எந்தக் காலில் தொடங்கணும்?

கண்ணாடி மாதிரி. லீட் செய்கிறவர் 'டூ'வில் இடது காலை முன்னே வைத்தால் இவர் வலது காலைப் பின்னே வைப்பார். அவர் இடப்பக்கம் போனால் இவர் வலப்பக்கம். முந்தைய பதிலின் இரண்டாம் பாதியில் தொடங்கினால் இவருடைய பாடம் முழுதாகக் கிடைத்துவிடும். லீட் செய்கிறவர் ஆணாகத்தான் இருக்கவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. எங்கள் வகுப்பில் ஆண்கள் எண்ணிக்கை எப்போதும் குறைவு, அதனால் பாதிப் பெண்களுக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

எல்லாரும் ஒன்னுல ஆரம்பிப்பாங்க, இதுல ஏன் ரெண்டுல?

இதைக் கேட்காமல் போனவர் ஒருவரும் கிடையாது. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் காதில் விழுந்தவர்களுக்குச் சொல்லுவது சுலபம். பாட்டு சமத்தில் எடுக்காமல், தாளம் விழுந்த பிறகு தள்ளி எடுத்தால் அதை அனாகத எடுப்பு என்பார்கள். தாளம் தன் பாட்டுக்கு ஒன்றில் விழுகிறது, எடுப்பு பின்னால் வருகிறது. இங்கே காலுக்கு அனாகத எடுப்பு, அவ்வளவுதான்.

இப்படி ஆடும்போது ஷாஸேயின் கடைசி எட்டு சரியாக 'ஒன்'னில், இசையின் கனமான இடத்தில் வந்து இறங்குகிறது. ஆட்டம் முடிகிற மாதிரியும் தொடங்குகிற மாதிரியும் ஒரே நேரத்தில் இருக்கும். அந்த இறக்கத்தின் ருசி தெரிந்த பிறகு யாரும் 'ஏன்' என்று கேட்பதில்லை.

சொற்கட்டாக வேண்டுமா? 'தாம், தீம், தக-தீம்' என்று சொல்லிப் பாருங்கள். தாம் இரண்டு, தீம் மூன்று, 'தக' நாலாவது அடிக்குள் இரண்டாக, கடைசித் தீம் ஒன்று. பரதம் கற்ற ஒரு மாணவிக்கு 'ஃபோர்-அண்ட்-ஒன்' மூன்று வாரம் வரவில்லை, இதைச் சொன்னதும் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது.

யூடியூபில் ஒருத்தர் "ஒன், டூ, ச்சா-ச்சா-ச்சா" என்று எண்ணுகிறார். அவர் தப்பா, நீங்கள் தப்பா?

அவர் எண்ணுவது எட்டுகளை, நாங்கள் எண்ணுவது தாளத்தின் அடிகளை. முதல் எட்டு, இரண்டாம் எட்டு, பிறகு ச்சா-ச்சா-ச்சா. வாயில் 'ஒன்' என்று சொன்னாலும் கால் இசையின் இரண்டாவது அடியில் விழுந்தால் அது நம் ஆட்டமேதான்.

அவருடைய 'ஒன்' இசையின் முதல் அடியிலேயே விழுந்தால், அது வேறு பாணி. விருந்துகளில் நிறையப் பேர் அப்படி ஆடுகிறார்கள், யார் தலையும் போகாது. தேர்வுக்கோ போட்டிக்கோ போகிறவர்கள் மட்டும் இரண்டை விடாதீர்கள். அங்கே தாளம் தவறினால் மற்ற எதையும் பார்க்கமாட்டார்கள்.

எண்ணிக்கை தெரியுது சார், ஆனா பாட்டு போட்டதும் அந்த 'ஃபோர்-அண்ட்' எங்கே இருக்குன்னே தெரியலை.

வாத்தியங்களே காட்டிக்கொடுக்கும். இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலாவது கொங்கா, கையால் தட்டும் உயரமான மத்தளம். மற்ற அடிகளில் அது மூடிய சத்தமாக முணுமுணுக்கும். நாலாவது அடியில் மட்டும் 'தும்-தும்' என்று இரண்டு திறந்த தட்டு விழும். அந்த இரண்டும்தான் 'ஃபோர்' 'அண்ட்'. உங்கள் ஷாஸேயின் முதல் இரண்டு எட்டும் அந்தத் தட்டுகளின் மேல் உட்காரவேண்டும்.

இரண்டாவது குயிரோ. காய்ந்த சுரைக்குடுக்கையில் வரிவரியாகக் கீறல் போட்டு, குச்சியால் தேய்க்கிற வாத்தியம். 'க்ரீ...ச், க்ரிச்-க்ரிச்' என்று ஒரு நீளமும் இரண்டு குட்டையும் மாறிமாறி வரும். நீளம் ஒன்றிலும் மூன்றிலும், குட்டைகள் இரண்டிலும் நாலிலும். தேங்காய் துருவுகிற சத்தத்துக்குப் பக்கத்துச் சொந்தம். முதல் வாரம் ஆடவே வேண்டாம், உட்கார்ந்து பாட்டைக் கேட்டுத் தொடையில் தட்டுங்கள். இதை நான் சொன்னால் முகம் சுருங்குகிறது, ஆனால் தட்டியவர்கள் சீக்கிரம் ஆடுகிறார்கள்.

அண்ணா, இடுப்பு ஆடவே மாட்டேங்குது. என்ன பண்ண?

இடுப்பை விட்டுவிடுங்கள், முழங்காலைப் பாருங்கள். பாரம் ஏறுகிற கால் நேராகிறது, பாரம் இல்லாத காலின் முழங்கால் மடங்குகிறது. நின்ற இடத்திலேயே இதை மாற்றி மாற்றிச் செய்து பாருங்கள். இடுப்பு தானாகவே பாரம் உள்ள பக்கம் போய் அமரும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண் ஒரு காலில் சாய்ந்து நிற்பாரே, அதே சாய்வு. அவர் ஆட்டுவதில்லை, பாரத்தைப் போடுகிறார்.

இடுப்பைத் தனியாகக் குலுக்கினால் மேலுடம்பும் சேர்ந்து ஆடும், பார்க்கவும் நன்றாக இராது. எனக்கு முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருந்தது. வீடியோவில் பார்த்துவிட்டுப் போனை மூடி வைத்துவிட்டேன்.

பாட்டு வேகமாப் போகுது, நான் ஓடிக்கிட்டே இருக்கேன்.

போட்டிக்கான வேகம் நிமிடத்துக்கு 30 முதல் 32 சுற்று, அதாவது 120 முதல் 128 அடி. கேட்கும்போது பெரிய வேகம் இல்லை. ஆனால் 'ஃபோர்-அண்ட்' இரண்டுக்கும் சேர்த்து ஒரே அடிதான் நேரம், ஆளுக்கு அரை. ஓடுகிறீர்கள் என்றால் எட்டு நீளமாக இருக்கிறது. மேலே சொன்ன தரை ஓட்டுக் கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. மூன்று ச்சாவையும் சம நேரத்தில் அவசரமாக முடித்துவிட்டு, அடுத்த 'டூ'வுக்குக் காத்திருக்காமல் கிளம்பிவிடுவது. 'ஒன்' முழு அடி. அதில் நில்லுங்கள்.

பேசிக் வந்துடுச்சு. அடுத்து எதைக் கத்துக்கலாம்?

'நியூயார்க்' என்ற ஸ்டெப். ஜோடி எதிரெதிரே நின்று கைகளைப் பிடித்திருக்கிறது. இருவரும் ஒரே பக்கம் திரும்பி, ஜோடிக்குப் பக்கத்தில் இருக்கிற உள்கால் எதுவோ அதை 'டூ'வில் முன்னே வைத்து நிறுத்துகிறார்கள். வெளிக்கை விரிகிறது. 'த்ரீ'யில் பாரம் பின்னே திரும்புகிறது, ஷாஸேயில் மறுபடி முகம் பார்க்கிறார்கள். அப்புறம் மறுபக்கம். இதையே உள்காலை முன்னே வைப்பதற்குப் பதில், எதிர்ப்பக்கம் திரும்பி வெளிக்காலைப் பின்னே வைத்தால் அது ஹேண்ட்-டு-ஹேண்ட். 'டூ', 'த்ரீ' இரண்டில் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினால் ஸ்பாட் டர்ன். இந்த மூன்றும் பேசிக்கும் இருந்தால் ஒரு முழுப்பாட்டும் ஆடலாம்.

எல்லாவற்றிலும் ஷாஸே மாறவே மாறாது, மாறுவது 'டூ', 'த்ரீ' மட்டும்தான். இது பிடிபட்டுவிட்டால் புதிய பெயர்களைப் பார்த்துப் பயம் வராது.

மாம்போ, ரும்பா, சால்சா, இது... எல்லாம் ஒன்னு மாதிரியே இருக்கே?

ஒரே குடும்பம் என்பதால் மூக்கு ஒன்றாக இருக்கிறது. மாம்போவில் மூன்று எட்டு வைத்து ஒரு அடி இளைப்பாறுவார்கள். அந்த மூன்றாவது எட்டையும் இளைப்பாறலையும் மூன்று சின்ன எட்டாக நிரப்பினால் ச்சா-ச்சா-ச்சா. போட்டி ரும்பாவும் இரண்டில்தான் தொடங்கும், ஷாஸே கிடையாது, 'டூ, த்ரீ, ஃபோர்-ஒன்' என்று மெதுவாக நகரும், நிமிடத்துக்கு 25 முதல் 27 சுற்று. சால்சா என்ற பெயர் 1960களிலும் 70களிலும் நியூயார்க்கில் குடியேறிய லத்தீன் மக்களிடையே பரவியது. எட்டு மாம்போவுக்கு நெருக்கம், வேகம் அதிகம், பால்ரூம் தேர்வுப் பாடத்தில் அது இல்லை.

ஜோடி இல்லை, தனியாகப் பழகலாமா? ஷூ வாங்கணுமா?

முதல் இரண்டு மாதம் தனியாகப் பழகுவதே நல்லது. கையைப் பிடித்தவுடன் எல்லோரும் எதிராளியைச் சாய்மானமாக ஆக்கிக்கொள்கிறார்கள்.

ஷூவுக்கு இப்போது செலவு வேண்டாம். ரப்பர் அடிப்பாகம் தரையைக் கவ்வும், திரும்பும்போது முழங்கால் முறுக்கிக்கொள்ளும், அது மட்டும் வேண்டாம். வழவழப்பான தரையில் வெறும் சாக்ஸும் ஆபத்து. பழைய தோல் செருப்போ, தோல் அடி வைத்த ஷூவோ போதும். ஆறு மாதம் கழித்தும் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தால் மெல்லிய மாட்டுத்தோல் அடி வைத்த நடன ஷூ வாங்குங்கள்.

புரூஸ் லீ ச்சா-ச்சா சாம்பியன் என்கிறார்களே, வாட்ஸப் கதையா?

உண்மை. 1958இல் ஹாங்காங்கில் நடந்த ச்சா-ச்சா போட்டியில் வென்றவர். மறு வருடம் கப்பலில் அமெரிக்கா போகும்போது பயணிகளுக்கு இந்த ஆட்டம் கற்றுக்கொடுத்துக்கொண்டே போனார். வகுப்பில் பையன்கள் கூச்சப்பட்டு ஓரமாக நின்றால் இதைத்தான் எடுத்துவிடுவேன். அடுத்த பாட்டுக்குள் நடுவில் வந்து நிற்பார்கள்.

கியூபாவில் இன்னும் இப்படித்தான் ஆடுகிறார்களா?

இல்லை. அங்கே எட்டுகள் இன்னும் சின்னவை, முழங்கால் தளர்வாக இருக்கும், கை விரிப்பும் அலங்காரமும் குறைவு. நாம் கற்பது லண்டன் வழியாகச் சுற்றி வந்து, போட்டி மேடைக்காக நீட்டி, கூர்மையாக்கப்பட்டது. பாரம்பரியம் கெட்டுவிட்டது என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் பாதிதான். கியூபக்காரர்கள் ஆடும் பழைய வீடியோ ஒன்றை ஒலியைக் கூட்டி வைத்துப் பாருங்கள். பாட்டு நின்ற ஒரு நொடியில்கூட அந்த உரசல் கேட்கும். நம் வகுப்பில் அது கேட்பதில்லை, ஏனென்றால் நாம் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறோம். இந்த வாரம் எண்ணிக்கை சொல்லாமல், பாட்டும் போடாமல் ஒரு ஐந்து நிமிடம் பேசிக் மட்டும் ஆடலாம் என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார். செருப்பு கொண்டு வாருங்கள்.